வெள்ளோட்டமா, ஒரே நாள் மாற்றமா? திட்டத்துக்கும் முழு அமலுக்கும் நடுவே எந்த வழியில் இறங்குவது

புதுத் தேர் செய்து முடித்தவுடன் யாரும் சாமியை ஏற்றி நேராகத் திருவிழாவுக்கு வடம் பிடிப்பதில்லை. முதலில் வெள்ளோட்டம். உற்சவர் இல்லாத தேரை வீதியில் ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் ஒரு பக்கமாக வாங்குகிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவருக்கு நின்று விலக இடம் இருக்கிறதா, சாக்கடை மூடி எடை தாங்குகிறதா, மின்கம்பி கலசத்தில் உரசுமா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். வெள்ளோட்டம் நடப்பது அதே தேரில், அதே வீதியில். சின்னதாக ஒரு தேர் செய்து மைதானத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு அதை வெள்ளோட்டம் என்று யாரும் சொல்வதில்லை. அலுவலகங்களில் ‘பைலட்’ என்ற பெயரில் நடப்பவற்றில் பல இந்த மைதானத் தேர்தான்.

திட்டம் எழுதி ஒப்புதலும் வாங்கியாயிற்று, பணமும் ஒதுக்கியாயிற்று. முழு அமலுக்கு முன்னால் ஒரு முடிவு பாக்கி நிற்கிறது: ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாறுவதா, பழையதையும் புதியதையும் சில காலம் சேர்த்து ஓட்டுவதா, ஓரிரு இடத்தில் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பதா, கட்டம் கட்டமாகப் பரப்புவதா? நான்கையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். 12 கிளைகள் கொண்ட ஒரு மளிகைக் கடை. கிளைக்கு 3 பில் கவுண்டர். சுமார் 6,000 வகைப் பொருள். பழைய பில்லிங் மென்பொருளை விட்டுவிட்டு, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, ஊழியர் சம்பளம் எல்லாம் ஒன்றாக வரும் புதிய மென்பொருளுக்குப் போக முடிவு செய்திருக்கிறார்கள். மருத்துவமனைப் பதிவு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பள்ளி உணவுத் திட்டம் எதற்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு திட்டத்துக்கு ஒரே வழி என்று தேடுவதுதான் பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம். திட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘இது தப்பிப்போனால் பழைய நிலைக்குத் திரும்பிவர என்ன செலவு, எவ்வளவு நேரம்’ என்று கேளுங்கள். இந்தக் கடைக்குப் பதில் இப்படி வரும்: பில்லிங்குக்கும் சரக்குக்கும் இரண்டு கிளையில் வெள்ளோட்டம், அதன்பின் மூன்று கட்டம். சம்பளக் கணக்குக்கு இணை ஓட்டம். வரி விகிதம், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு ஒரே நாள்.

ஒரே நாள் மாற்றம்

சிலவற்றைப் பாதிப் பாதியாக மாற்ற முடியாது. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் மாற்றம். ஒரு மாவட்டத்தில் மட்டும் வெள்ளோட்டம் விட்டிருந்தால் எல்லையில் வண்டிகள் நேருக்கு நேர் மோதியிருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது நம் கடைகளுக்கும் அதே நிலைமைதான். ஒரு கிளையில் பழைய வரி, இன்னொரு கிளையில் புதிய வரி என்று பில் போட வழியே இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக மாறும் இடங்களில் ஒரே நாள் மாற்றம் மட்டுமே உண்டு.

கெடுவது எங்கே என்றால், செலவு குறையும், இரண்டு முறைகளைக் கட்டி மேய்க்க வேண்டாம், சீக்கிரம் முடியும் என்பதற்காக மட்டும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்போது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய கணினி அமைப்புக்கு ஏறக்குறைய ஒரே மூச்சில் மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். புதிய அமைப்புக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தும், எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று பார்க்கும் முன்னோட்டச் சுமைச் சோதனை நடந்தது ஒன்றில் மட்டும்தான் என்பது பிந்தைய விசாரணையில் வெளிவந்தது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. மைதானத்தில் இழுத்துப் பார்த்த தேருக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

நம் வியாபாரிகளுக்கு நினைவிருக்கும் இன்னொன்று இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. 2018 ஜனவரி 16 முதல் சோதனை ஓட்டம், பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள். சோதனைக் காலத்தில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தினார்கள். கட்டாயமான அன்று நாடே ஒன்றாக உள்ளே நுழைந்தது. முதல் நாளே இணையதளம் படுத்துவிட, திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாவது முறை வழியை மாற்றினார்கள். ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு, ஏப்ரல் 15 முதல் ஐந்து மாநிலங்களின் உள்மாநிலச் சரக்குக்கு, பிறகு தொகுதி தொகுதியாக மற்ற மாநிலங்களுக்கு. தமிழ்நாட்டுக்கு ஜூன் 2-இல் வந்தது. சட்டம் அதேதான். இறங்கிய விதம் வேறு.

ஒரே நாளில் மாறியே ஆக வேண்டும் என்றால் ஒத்திகை இரண்டு முறை, உண்மைத் தரவின் நகலோடு. ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குக் கடை அடைப்பு, 10.30-க்கு அன்றைய முடிவுக் கணக்கு, 11 மணிக்குத் தரவு நகல், 1 மணிக்கு மூன்று மொத்தங்களைச் சரிபார்த்தல். அந்த மூன்று: பொருள் வகைகளின் எண்ணிக்கை, கையிருப்பின் மொத்த மதிப்பு, வாடிக்கையாளர் பாக்கியின் கூட்டுத்தொகை. மூன்றில் ஒன்று பைசா அளவில் இடித்தாலும் மேலே போகக் கூடாது. அதிகாலை 3 மணி என்று ஒரு திரும்பும் நேரம் வையுங்கள். அந்த நேரத்துக்குள் கணக்கு ஒத்துவரவில்லையென்றால் காலையில் கடை பழைய மென்பொருளில் திறக்கும். இந்த முடிவை எடுப்பவர் யார் என்பதைப் பகலிலேயே ஒருவர் பெயரில் எழுதிவிட வேண்டும். இரவு 3 மணிக்கு, களைத்துப் போன ஆறு பேர் கூடி நின்று பேசினால் ‘இன்னும் அரை மணி நேரம்’ என்பதுதான் முடிவாக வரும். அந்த அரை மணி நேரம் விடியும்வரை நீளும்.

இணை ஓட்டம்

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓட, இரண்டின் விடையையும் ஒப்பிடுவது. கேட்கும்போது இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்று தோன்றும். பில் கவுண்டரில் முயன்று பாருங்கள். ஒரு பில்லுக்கு 40 வினாடி என்றால் இரண்டிலும் அடிக்க 80-க்கு மேல் ஆகும். வரிசை தெருவுக்கு வந்துவிடும். இரண்டாவது நாளே ஊழியர்கள் ஒன்றில் மட்டும் பில் போட்டுவிட்டு, மற்றதில் இரவு உட்கார்ந்து ஒப்புக்கு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய கணக்கை ஒப்பிட்டு எதுவும் கற்க முடியாது. போதாக்குறைக்கு ஒரே விற்பனைக்கு இரண்டு வரிப் பில்கள் உருவாகி நிற்கும்.

சம்பளக் கணக்கு வேறு மாதிரி. மாதத்துக்கு ஒரு முறைதான், ஆட்கள் நூற்றுக்குள், ஒரு ரூபாய் தப்பினாலும் ஊழியருக்கு நம்பிக்கை போய்விடும். இங்கே இணை ஓட்டம்தான் சரி. பெயர் பெயராக, கழிவு கழிவாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்தையும் ‘பரவாயில்லை’ என்று தள்ளாதீர்கள். 14,450 ரூபாய் சம்பளத்துக்கு இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) ஊழியர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 108.375. இஎஸ்ஐ விதிப்படி அடுத்த ரூபாய்க்கு மேலேற்ற வேண்டும்: 109. புதிய மென்பொருள் சாதாரணமாக முழுமைப்படுத்தினால் 108 என்று வரும். பார்வைக்கு ஒரு ரூபாய். காரணம் தவறான விதி. பைசா இப்படி அரை ரூபாய்க்குள் விழும் ஊழியருக்கெல்லாம் மாதாமாதம் தொடரும்.

எத்தனை மாதம் இணையாக ஓட்டுவது என்பதை நாட்காட்டி மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தெந்த விசித்திரங்கள் வந்துபோக வேண்டும் என்று பட்டியல் போடுங்கள்: நடுமாதத்தில் சேர்ந்தவர், விலகியவர், சம்பளமில்லா விடுப்பு, முன்பணப் பிடித்தம், போனஸ். இஎஸ்ஐ பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. நடுவில் ஒருவரின் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ஜூனிலும் ஜூலையிலும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினால் அக்டோபரில் என்ன ஆகும் என்று தெரியாது. அந்த மாதம் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், கடந்த செப்டம்பர், அக்டோபர் சம்பளத்தைப் புதியதில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை ஏற்கெனவே கையில் இருப்பதால் இது மலிவான, உறுதியான சோதனை.

இணை ஓட்டத்துக்கு முடிவுத் தேதி அவசியம். இல்லையென்றால் பழையதை விட மனமில்லாமல், இரண்டையும் சுமந்துகொண்டு ஒரு வருடம் ஓடிவிடும்.

வெள்ளோட்டம்

எந்தக் கிளையில்? தலைமை அலுவலகம் இருக்கும் கிளையில் வேண்டாம். மேலாளர் கெட்டிக்காரர், ஊழியர்கள் இளசுகள், இணையம் வேகம் என்ற கிளையிலும் வேண்டாம். அங்கே எதுவும் ஜெயிக்கும். இரண்டு கிளைகளை எடுங்கள். ஒன்று விற்பனையில் நடுத்தரமானது. இன்னொன்று தொல்லை பிடித்தது: மின்வெட்டு உண்டு, சில்லறை எடையில் விற்பது அதிகம், கடன் நோட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டிலும் ஓடினால் மற்ற பத்திலும் ஓடும் என்று சொல்ல ஒரு நியாயம் கிடைக்கும். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். ஓராண்டில், 2023 ஆகஸ்ட் 25-இல், 31,008 பள்ளிகளுக்குப் போனது. முதல் கட்டம் மொத்தத்தில் 5 சதவீதம்தான். ஆனால் அதில் மாநகராட்சி, நகராட்சி, ஊரகம், மலைப்பகுதி நான்கும் இருந்தன. நகரத்தில் பெரிய சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புவதும், கிராமத்தில் மகளிர் குழு பள்ளியிலேயே சமைப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்றை மட்டும் சோதித்திருந்தால் மற்றதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரே ஒரு இடம் போதுமான சமயமும் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் மட்டும் முதலில் இறங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு என்பது அதன் அடிப்படை. கிராமத்து ஊழியர் ஒருவரால் ஒவ்வொரு மாதமும் எல்லாக் குழந்தையையும் எடை போட்டு, கோடு வரைந்து, யாருக்கு உணவு என்று பிரிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு ஒரு முழு ஒன்றியம் சரியான அளவு. மேற்பார்வை, பதிவேடு, உணவு வரத்து எல்லாம் சேர்ந்து இயங்கும் மிகச் சிறிய அலகு அதுதான். பின்னர் அது 173 ஒன்றியங்களுக்குப் பரவியது. நம் கடைக்கு அந்த அலகு ஒரு முழுக் கிளை. மூன்று கவுண்டரில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் வைத்தால் இருப்புக் கணக்கு இரண்டாகப் பிளந்து நிற்கும்.

தொடங்கும் முன் பழைய நிலையை அளந்துவையுங்கள். இதை விட்டவர்கள் கடைசியில் ‘நல்லாத்தான் இருக்கு’, ‘முன்ன மாதிரி இல்ல’ என்று அபிப்பிராயம் பேசிக்கொண்டிருப்பார்கள். மாலை 6 முதல் 8 வரை 50 பில்களுக்குக் கைக்கடிகாரம் வைத்து நேரம் பாருங்கள். ஒரு வாரக் கல்லாக் குறைவு, கூடுதலைக் குறியுங்கள். 100 பொருள்களைக் கையால் எண்ணி, கணினி சொல்லும் இருப்போடு ஒப்பிடுங்கள். மாறாத ஒரு கிளையிலும் இதையே செய்யுங்கள். ஆடித் தள்ளுபடியால் கூட்டம் ஏறியதா, மென்பொருளால் வேகம் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க அதுதான் துணை. 40 வினாடி பில் 55 வினாடி ஆனால் பெரிதாகத் தெரியாது. கணக்குப் போட்டால் ஒரு கவுண்டரில் மணிக்கு 90 பில் போட்ட இடத்தில் 65. மீதி 25 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

காலம் ஆறு வாரம். மாத நடுவில், கூட்டம் குறைந்த செவ்வாய் அல்லது புதனில் தொடங்குங்கள். அப்போது முதல் சம்பள வாரக் கூட்டம் வருவதற்குள் கை பழகியிருக்கும். ஒரு முழு மாதக் கணக்கு முடிப்பும், ஒரு முழுச் சரக்கு எண்ணிக்கையும் உள்ளே வர வேண்டும்.

இனி, எது கெடும்? மளிகைக் கடையில் ஏறக்குறைய எப்போதும் இவைதான். முதலாவது பொருள் பட்டியல். ‘துவரம்பருப்பு 1 கிலோ’, ‘து.பருப்பு 1கி’, ‘தூர் டால்’ என்று ஒரே பொருள் மூன்று பெயரில் பழைய மென்பொருளில் கிடக்கும். அப்படியே மாற்றினால் ஒன்றின் இருப்பு கழிவுக்கு (மைனஸுக்கு) போகும், இன்னொன்று அசையாமல் நிற்கும். வெள்ளோட்டத்துக்கு முன்பே இதைச் சுத்தம் செய்ய இரண்டு பேருக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். திட்ட அட்டவணைகளில் இந்தப் பத்து நாள் பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்தது அளவை. அரிசி வருவது 25 கிலோ மூட்டையில், விற்பது கிலோவில். கொள்முதலில் 40 மூட்டையை 40 என்று ஏற்றினால் மென்பொருளுக்கு அது 40 கிலோ. மறுநாள் மதியத்துக்குள் இருப்பு கழிவில் போய்விடும்.

தராசு லேபிளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எடை போடும் பொருளுக்குத் தராசு அடிக்கும் பார்கோடு 13 இலக்கம். வழக்கமான அமைப்பில் 2-இல் தொடங்கும் இரண்டு இலக்கம் குறி, அடுத்த ஐந்து பொருள் எண், அடுத்த ஐந்து எடை, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். 1 கிலோ 250 கிராம் வெங்காயத்துக்கு அந்த ஐந்து இலக்கம் 01250. மென்பொருளில் அந்த இடம் ‘எடை’க்குப் பதிலாக ‘விலை’ என்று அமைந்திருந்தால் அதே எண்ணை 12 ரூபாய் 50 காசு என்று படிக்கும். ஸ்கேனர் சத்தம் போடும், பில் வரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. வாடிக்கையாளரும் சொல்ல மாட்டார். மாலைக் கணக்கில் காய்கறி விற்பனை பாதியாகத் தெரியும்போதுதான் தேட ஆரம்பிப்பார்கள். முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு தராசிலும் ஐந்து பொருளை எடை போட்டு, ஸ்கேன் செய்து, பில்லைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தால் இது பத்து நிமிட வேலை.

ஒரே பார்கோடில் இரண்டு எம்ஆர்பி உள்ள சரக்கு, பழைய 48 ரூபாய்ப் பாக்கெட்டும் புதிய 50 ரூபாய்ப் பாக்கெட்டும் ஒரே அடுக்கில் இருப்பது, இன்னொரு தலைவலி. மென்பொருள் கேட்டுத் தேர்வு செய்ய வைக்க வேண்டும். கடைசி விலையைத் தானாக எடுக்கக் கூடாது. பில்லில் தமிழ் வேண்டுமென்றால் பெரும்பாலான சிறிய பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்தைப் படமாக அனுப்பித்தான் அடிக்க வேண்டும். அதனால் நீளப் பில் சற்றுத் தாமதமாகும். இதைக் கடையில் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு 36 பிரிண்டருக்கு ஆர்டர் கொடுங்கள்.

மாற்றக் காலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய பில்லோடு பொருளைத் திருப்பித் தர வருவார்கள். அந்தப் பில் புதியதில் இருக்காது. கவுண்டரில் வாக்குவாதம். பழைய கணினி ஒன்றை, பார்க்க மட்டும் முடிகிற நிலையில், ஒரு மாதம் ஓரமாக வைத்திருங்கள்.

இணையம் போனால் பில் எண் தொடர் எப்படி ஓடும் என்பதைக் கேபிளைப் பிடுங்கியே சோதிக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராத தொடர் எண்ணாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர் வைத்துக்கொள்ளலாம். வெள்ளோட்டக் கிளைக்குத் தனித் தொடர் கொடுத்துவிட்டால் பழைய பில்லோடு மோதாது. ‘சோதனைதானே’ என்று சட்டப் பக்கத்தை விட்டுவிடுவது ஆபத்து. கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 1982 மே மாதம் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. சட்டத் திருத்தம் வந்து, 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளில் மறுபடி இறக்கி, 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுவதற்கும் போனது. சோதனையில் ஓட்டுப் போட்டவரும் உண்மை வாக்காளர். வெள்ளோட்டக் கிளையில் வாங்குபவரும் உண்மை வாடிக்கையாளர். விதிகளில் அவர்களுக்குச் சலுகை கிடையாது.

எல்லாவற்றையும்விட வெள்ளோட்டத்தைப் பொய்யாக்குவது கூடுதல் கவனிப்பு. மென்பொருள் நிறுவனத்து ஆள் கவுண்டருக்குப் பின்னால் ஆறு வாரமும் நின்றால், அவர் கை சோதனைக்குள் கலந்துவிடும். பன்னிரண்டு கிளைக்கும் அப்படி ஆள் வரப்போவதில்லை. முதல் வாரம் நிற்கட்டும். இரண்டாவது வாரம் கடைக்குள் இருக்கட்டும், கூப்பிட்டால் மட்டும் வரட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து தொலைபேசி மட்டும். உண்மையான வெள்ளோட்டம் அந்த மூன்றாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. முழு அமலில் எத்தனை ஆள், எவ்வளவு பயிற்சி, எந்த இணைய இணைப்பு கிடைக்குமோ அதையே வெள்ளோட்டத்துக்கும் கொடுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும் என்றால் இங்கேயும் ஒரு மணி நேரம்தான்.

கட்டம் கட்டமாக

வெள்ளோட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளோட்டத்தின் முடிவில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகப் போவதில் அந்த முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. எந்த வேகத்தில் என்பது மட்டுமே மிச்சம். ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2-இல் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2007-இல் மேலும் 130, 2008 ஏப்ரல் 1 முதல் மற்ற ஊரக மாவட்டங்கள் என்று போனது. சட்டம் கையில் இருந்தது. பின்வாங்கும் பேச்சு இல்லை. நிர்வாகம் தாங்கும் அளவுக்குப் பிரித்துக்கொண்டார்கள்.

கட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது கிளைகளின் எண்ணிக்கை இல்லை, கைகொடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை. புதிய மென்பொருள் நன்றாகத் தெரிந்தவர் நான்கு பேர் என்றால், கிளைக்கு ஒருவர் வீதம் மூன்று பேர், தொலைபேசியில் ஒருவர். ஆக, முதல் கட்டங்களில் மூன்று கிளைக்கு மேல் இறக்கக் கூடாது. வெள்ளோட்டக் கிளையின் கவுண்டர் ஊழியர் ஒருவரை அடுத்த கட்டத்துக்குத் துணையாக அனுப்புங்கள். கல்லாவில் உட்கார்ந்தவர் சொல்லித் தரும்போது கல்லாவில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்பார். 2, 3, 3, 4 என்று பிரித்து (கடைசிக் கட்டத்தின் நான்காவது கிளைக்கு இப்படிக் கை பழகிய ஊழியரே துணை), கட்டத்துக்கு மூன்று வாரம் வைத்தால் வெள்ளோட்டத்தோடு சேர்த்து 15 வாரம். ஜூன் நடுவில் தொடங்கினால் ஆடிக் கூட்டத்தின் முதல் பகுதி வெள்ளோட்டத்துக்குள் வரும். செப்டம்பர் கடைசியில் வேலை முடியும். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் மூச்சுவிட நேரம் இருக்கும். ஜனவரியில் தொடங்கினால் நடுவில் மார்ச் 31 கணக்கு முடிப்பு குறுக்கே வந்து நிற்கும்.

இந்த வழியின் பலவீனம், பாதிக் கிளை பழையதிலும் பாதி புதியதிலும் இருக்கும் நாட்கள். பழைய கிளையிலிருந்து புதிய கிளைக்கு 10 பெட்டி எண்ணெய் அனுப்பினால், ஒன்றில் கழியும், மற்றதில் ஏறாது. இரண்டு மென்பொருளின் பொருள் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஓர் இணைப்பு அட்டவணையும், வழியில் இருக்கும் சரக்குக்கு ஒரு தனி நோட்டும், அதைத் தினமும் மாலை பார்க்கப் பொறுப்பான ஒருவரும் வேண்டும். முடிந்தவரை மாற்றக் காலத்தில் கிளைகளுக்கிடையே சரக்கு நகர்வைக் குறைத்துவிடுங்கள்.

முன்கூட்டியே எழுத வேண்டிய எண்கள்

வெள்ளோட்டம் முடிந்தபின் அளவுகோலைத் தேடினால், கிடைத்த முடிவுக்கு ஏற்ற அளவுகோல்தான் கிடைக்கும். செலவழித்த பணமும் காட்டிய முகமும் ‘தொடரலாம்’ என்றே சொல்ல வைக்கும். அதனால் தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்த அளவுக் கடைக்கு நாங்கள் வைப்பது: நான்காவது வார முடிவில் பில் நேரம் பழையதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. தொடர்ந்து பத்து நாள் மாலைக் கல்லாவும் மென்பொருளும் ஒத்துப்போக வேண்டும். எண்ணிப் பார்த்த 100 பொருளில் மூன்றுக்கு மேல் இருப்பு மாறக் கூடாது. ஆறாவது வாரத்தில் உதவி கேட்டு ஒரு நாளைக்கு இரண்டு அழைப்புக்கு மேல் வரக் கூடாது.

எல்லாம் சரி என்றால் அடுத்த கட்டம். ஒன்றிரண்டு தவறினால், காரணம் பொருள் பட்டியல், அமைப்பு, பயிற்சி போன்ற திருத்தக்கூடியது என்றால், திருத்தி மூன்று வாரம் அதே கிளையில் மறுபடி ஓட்டுங்கள். புதிய கிளைக்குப் போகாதீர்கள். கல்லாக் கணக்கு ஒத்துவராமல் காரணமும் பிடிபடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். விற்பனையாளருக்குக் கொடுக்கும் தொகையையும் இதற்கேற்பப் பிரிக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்பே கொடுத்துவிட்டு வெள்ளோட்டம் விட்டால், ‘வேண்டாம்’ என்ற பதில் தாளில் மட்டும்தான் இருக்கும்.

பழையதை அணைக்கும் நாள்

கடைசிக் கிளை மாறி ஒரு முழு மாதக் கணக்கு முடிந்ததும், பழைய மென்பொருளில் புதுப் பதிவு போடும் உரிமையை எல்லோருக்கும் நீக்கிவிடுங்கள். அவசரத்துக்கு என்று ஒரு கணினியில் விட்டுவைத்தால், அந்த ஒரு கணினியில் தினமும் பத்து பில் விழும். ஆனால் பழைய தரவை அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்தரப் படிவத்துக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய மென்பொருளின் உரிமம் அதுவரை உயிரோடு இருக்காது. அந்தக் கணினியும் இருக்காது. பில்களைப் பிடிஎஃப் ஆகவும், விற்பனை, கொள்முதல், பாக்கிப் பட்டியல்களை எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய கோப்பாகவும் எடுத்து, இரண்டு வட்டுகளில் இரண்டு இடத்தில் வையுங்கள். எடுத்த கோப்பைப் பழைய மென்பொருள் நிறுவாத வேறொரு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு மாதத்தின் மொத்த விற்பனையைக் கூட்டிப் பார்த்து, தாக்கல் செய்த ஜிஎஸ்டி படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பழைய சர்வரின் வயரை எடுங்கள்.